கடைசித் தொகுப்பின் கிட்டார்

மதிப்பிற்குரிய ஐயா,

காக்டோ ட்வின்ஸ் என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவின் 'ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்' இசைத் தொகுப்பைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதைத் தேடிக் கேட்டேன். ஒரு வாரம் வேறெதையும் கேட்க முடியவில்லை. அந்த வேகத்தில் 1996இல் வந்த 'மில்க் அண்ட் கிஸ்ஸஸ்' வரை வந்துவிட்டேன். ஏமாற்றமாக இருந்தது. பாட்டுக்குப் பாட்டு ஒரே கனத்த கிட்டார், ஒரே மூட்டமான மனநிலை. இதற்கு முந்தைய 1993ஆம் ஆண்டுத் தொகுப்பில் சொற்கள் கொஞ்சம் புரியத் தொடங்கியிருந்தன, இதில் அவை மறுபடியும் மறைந்துவிட்டன. முதல் தொகுப்பு வந்து 14 ஆண்டுகள் ஆன ஒரு குழு, புதிதாகச் சொல்ல ஏதுமின்றித் தன் பழைய ஒலியையே எடுத்துப் போர்த்திக்கொண்டது போலத் தோன்றியது. பாடகி எலிசபெத் ஃப்ரேசரும் கிட்டார் கலைஞர் ராபின் கத்ரியும் அதற்குள் பிரிந்துவிட்டிருந்தார்கள் என்று படித்தேன். அதை அறிந்துகொண்டுதான் இந்தத் தொகுப்பைக் கேட்க வேண்டுமா? அப்படியானால் அது இசையின் குறை அல்லவா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் காது தவறாகக் கேட்கவில்லை. அந்தத் தொகுப்பில் கிட்டார் கனமாகத்தான் இருக்கிறது, மனநிலையும் இருண்டதுதான். ஆனால் வேறு வழி தெரியாமல் பழைய ஒலிக்குத் திரும்பினார்கள் என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் முந்தைய ஆண்டு செய்த வேலையே அதை மறுக்கிறது.

1995இல் காக்டோ ட்வின்ஸ் இரண்டு சிறு தொகுப்புகளை வெளியிட்டார்கள். 'ட்வின்லைட்ஸ்' என்ற முதலாவதில் கத்ரியின் மின்கிட்டார் மூட்டம் முற்றிலும் விலக்கப்பட்டு, பியானோவின் துணையோடு ஃப்ரேசரின் குரல் ஏறத்தாழத் தனியாக நிற்கிறது. 1985இல் வந்த 'பிங்க் ஆரஞ்ச் ரெட்' என்ற தங்கள் பழைய பாடலையே அதில் அப்படிக் களைந்து பாடியிருக்கிறார்கள். 'அதர்னெஸ்' என்ற இரண்டாவதில், சீஃபீல் என்ற இசைக்குழுவின் மார்க் கிளிஃபர்ட் அவர்களுடைய பாடல்களைப் பிரித்து மின்னணு ஒலிகளாக மறுபடி அடுக்கினார். நீங்கள் ஒரு வாரம் விடாமல் கேட்ட தொகுப்பின் முதல் பாடலான 'செர்ரி-கலர்டு ஃபங்க்' கூட அங்கே அடையாளம் தெரியாமல் கரைந்து கிடக்கிறது. கிட்டார் இல்லாத பாதை, கிட்டாரைக் கரைத்துவிடும் பாதை ஆகிய இரண்டிலும் நடந்து பார்த்த பிறகுதான் அவர்கள் 'மில்க் அண்ட் கிஸ்ஸஸ்' தொகுப்பில் கிட்டாரைக் கையில் எடுக்கிறார்கள். அதைப் பழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தே செய்த தேர்வு அது.

அந்தத் தேர்வு என்ன செய்கிறது என்பதை அறிய, இரண்டு வடிவங்களிலும் கிடைக்கும் ஒரு பாடலைக் கேளுங்கள். 'ரில்கியன் ஹார்ட்' முதலில் 'ட்வின்லைட்ஸ்' தொகுப்பில் வந்தது. அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லியை எண்ணி ஃப்ரேசர் எழுதியது என்று பரவலாகச் சொல்லப்படும் பாடல். பியானோ வடிவத்தில் அது ஒருவர் மற்றொருவரிடம் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொள்வதைப் போல் இருக்கிறது. நாம் பக்கத்து அறையில் இருந்து கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்ற கூச்சம்கூட எனக்கு ஏற்பட்டதுண்டு. அடுத்த ஆண்டு தொகுப்பில், மெட்டும் சொல்லும் மாறாமல், அடியில் கிட்டார்கள் மெல்ல நிரம்பி வருகின்றன. அந்தக் கூச்சம் மறைந்துவிடுகிறது. ஒரு தனி மனிதரிடம் சொல்லப்பட்ட சொல், நாமும் உள்ளே சென்று நிற்கக்கூடிய ஓர் இடமாகிறது. குரலை மறைப்பதற்காக அல்ல, அது தரையில்லாமல் நிற்க நேராதபடி தாங்குவதற்காகவே கிட்டார் அங்கே வருகிறது என்று நான் கேட்கிறேன்.

கத்ரியின் கிட்டார் எப்போதும் ஒரே வேலையைச் செய்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நகரமாக இருந்த கிரேஞ்ச்மவுத்திலிருந்து வந்த இந்தக் குழுவுக்கு ட்ரம்ஸ் வாசிப்பவர் இல்லை. தாளத்தை ட்ரம் மெஷின் கொடுத்தது. இயந்திரத்தின் அந்த விறைப்பான அடிகளுக்கு மேல் டிலே, கோரஸ், ரிவர்ப் என்ற, ஒலியை எதிரொலிக்கவும் அடர்த்தியாக்கவும் செய்யும் கருவிகளின் வழியே கிட்டாரின் ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி, முந்தைய சுரம் அடங்குவதற்குள் அடுத்ததை அதன்மேல் விழச் செய்வது கத்ரியின் முறை. விரல் வேகத்தைக் காட்டும் தனி வாசிப்பில் அவருக்கு நாட்டமே இல்லை. 1982இல் வந்த 'கார்லண்ட்ஸ்' தொகுப்பில் அந்த முறை கூர்மையாகவும் குளிராகவும் ஒலித்தது. 1990இல், நீங்கள் விரும்பும் தொகுப்பில், அது சுருங்கிப் பிரகாசமாகி மெட்டுக்குப் பணிந்தது. 1993இன் 'ஃபோர்-காலண்டர் கஃபே'யில் இன்னும் பின்வாங்கியது. போதைப் பழக்கத்திலிருந்து கத்ரி மீள முயன்ற காலம் அது. ஃப்ரேசரின் சொற்கள் முதன்முறையாக முன்னால் வந்து நின்றதும் அப்போதுதான். ஆகவே 1996இல் கனத்து வரும் கிட்டார் 1982இன் கிட்டார் அல்ல. அதில் கூர்மை இல்லை, அகலம் இருக்கிறது. 90களின் மேடைகளில் மிட்சுவோ டேட், பென் பிளேக்மன் என்ற மேலும் இரண்டு கிட்டார் கலைஞர்கள் அவர்களோடு வாசித்தார்கள். மூன்று கிட்டார்கள் ஒன்றாக ஒலித்துப் பழகிய அந்த விரிவுதான் இந்தத் தொகுப்பின் 'சர்பென்ட்ஸ்கர்ட்' பாடலில் கேட்கிறது என்பது என் எண்ணம்.

'வயலைன்' பாடலைத் தொடங்கிய சில நொடிகளிலேயே குழுவின் மூன்றாமவரான சைமன் ரேமண்டின் பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள். மேலே எல்லாம் மிதந்துகொண்டிருக்க, பாட்டை முன்னோக்கி இழுத்துச் செல்வது அதுதான். ஒரே மூட்டமான மனநிலை என்று நீங்கள் எழுதியதற்கு அந்தப் பாடலே போதுமான மறுமொழி. 'அப்ஸ்' போன்ற ஒன்றிரண்டு பாடல்களுக்காக நான் வாதாட மாட்டேன், அவை இல்லாமலும் தொகுப்பு நின்றிருக்கும்.

ஆனால் 'ட்ரெஷர் ஹைடிங்' பாடலை இழக்க நான் ஒப்ப மாட்டேன். அது மிகத் தாழ்ந்து, நடக்கத் தயங்குவதுபோலத் தொடங்குகிறது. ஃப்ரேசர் உரத்துப் பாடக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் குரலை அடக்கிக்கொள்கிறார். ஏறக்குறைய நடுவில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, கிட்டார்கள் முழு எடையோடு வந்து இறங்குகின்றன, குரலும் அதே கணத்தில் மேலே எழுகிறது. நான் பலமுறை கேட்டும் அந்தக் கணத்துக்கு என்னைத் தயார்படுத்திக்கொள்ள முடிந்ததில்லை. முதல் பாதியின் அடக்கம் இல்லாவிட்டால் இரண்டாம் பாதி வெறும் சத்தமாகியிருக்கும். தொகுப்பின் மூட்டம் இப்படி அளந்து வைக்கப்பட்டது என்பதால்தான் அதைச் சோர்வு என்று என்னால் அழைக்க முடியவில்லை.

சொற்கள் மறைந்துவிட்டன என்கிறீர்கள். எல்லாப் பாடல்களிலும் அப்படி இல்லை. 'ஹாஃப்-கிஃப்ட்ஸ்' பாடலில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. முடிந்துபோன உறவு ஒன்றை நேராகப் பார்த்து, நண்பர்கள் இருக்கிறார்கள், குடும்பம் இருக்கிறது, நான் எனக்கு மிச்சமிருக்கிறேன் என்று பாடுகிறார். அதைச் சொல்ல அவருக்குத் துணிவு இருந்தது, மொழியும் இருந்தது. அப்படிப்பட்டவர் மற்றப் பாடல்களில் சொல்லைக் கலைத்து ஒலியாக்கும்போது அதை மறைப்பு என்று கொள்ள முடியாது. சொல்லிவிட்ட ஒன்றுக்கு அப்பால் போவதாகவே எனக்குப் படுகிறது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஃப்ரேசரும் கத்ரியும் 1993இல் பிரிந்தார்கள். இருவருக்கும் ஒரு மகள் உண்டு. பிரிந்த பின்னும் அதே குழுவில், லண்டனின் ட்விக்கன்ஹம் பகுதியில் தேம்ஸ் கரையோரம் இருந்த தங்கள் சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்து வேலை செய்தார்கள். இதை அறியாமலும் இந்தத் தொகுப்பைக் கேட்கலாம், நானும் முதலில் அறியாமல்தான் கேட்டேன். அப்போது எனக்குக் கேட்டது இதுதான்: பல பாடல்களில் ஃப்ரேசரின் குரல் இரண்டாக, மூன்றாகப் பிரிந்து, ஒரு குரல் பாடி முடிக்கும் முன் மற்றொன்று குறுக்கே வருகிறது. கேள்வியும் அவரே, மறுமொழியும் அவரே. கிட்டார் அந்த உரையாடலில் கலந்துகொள்வதில்லை, சுற்றி நின்று இடம் கொடுக்கிறது. ஒருவரோடு ஒருவர் பேச முடியாத இருவர் ஒரே பாட்டுக்குள் இருக்க இதைவிடக் கண்ணியமான ஏற்பாடு இருக்க முடியாது என்று பின்னாளில் தோன்றியது. ஆனால் தனிமையை அதற்கு முன்பே, இசையை மட்டும் வைத்து, என் காது அறிந்திருந்தது. வாழ்க்கைக் கதை அதற்குக் காரணம் சொன்னது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இதைக் கடைசித் தொகுப்பு என்று அழைப்பது நாம். அடுத்த தொகுப்புக்கான வேலையில் இருக்கும்போதுதான் 1997இல் குழு கலைந்தது. 2005இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் மீண்டும் சேர்ந்து பாடுவதாக அறிவிக்கப்பட்டு, ஃப்ரேசர் விலகியதால் அதுவும் நடக்கவில்லை. விடைபெறும் எண்ணத்தோடு செய்யப்படாத ஒரு தொகுப்பில் முடிவின் களைப்பைத் தேடினால் அது கிடைக்கத்தான் செய்யும்.

இரவில், நல்ல ஹெட்ஃபோனில், 'ரில்கியன் ஹார்ட்' பாடலின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சற்று இடைவெளி விட்டு 'ட்ரெஷர் ஹைடிங்', பிறகு தொகுப்பின் இறுதிப் பாடலான 'சீக்கர்ஸ் ஹூ ஆர் லவர்ஸ்'. அதன் பின்னும் ஏமாற்றம் தீரவில்லை என்றால் எந்த இடத்தில் தீரவில்லை என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்