மூட்டு வீங்கும்போது மனமும் ஏன் சோர்கிறது?

செல்லூரில் இருக்கும் அம்மாவுக்கு முடக்குவாதம், மூட்டு வீங்கும் நாட்களில் பதற்றமும் அழுகையும் கூடுகிறது, சம்பந்தம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. 2006-இல் மதுரைப் பக்கம் சிக்குன்குன்யா வந்தபோது யாருடனும் பேசப் பிடிக்காமல் சுருண்டு கிடந்தோமே, அதற்கு வலி மட்டும் காரணமில்லை. இப்படிக் காய்ச்சலிலும் மூட்டு வீக்கத்திலும் உடலில் நடப்பது அழற்சி. அப்போது சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள் மூளையையும் எட்டுகின்றன; மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற மூளை ரசாயனமாக ஆக வேண்டிய டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் வேறு பாதையில் திரும்புகிறது. மஞ்சள் காமாலையின் 'சி' வகைக்கு (ஹெபடைடிஸ் சி) இன்டர்ஃபெரான் ஊசி, அதுவும் ஒரு சைட்டோகைன்தான், போட்டவர்களில் பலருக்கு மனச்சோர்வு வந்ததே இதற்கு வலுவான சான்று.

ஆனால் மனச்சோர்வு உள்ள எல்லாருக்கும் அழற்சி இருப்பதில்லை. அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை மனச்சோர்வு உள்ள 60 பேரிடம் சோதித்தார்கள். மொத்தத்தில் பலனில்லை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் அதிகம் இருந்தவர்களிடம் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. பதற்றத்துக்கான சான்று இன்னும் குறைவு.

அம்மாவை 'வயசாச்சுல்ல' என்று விட்டுவிடாதீர்கள். வாத மருத்துவரிடம் அழுகையையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்புறம் மனநல மருத்துவரையும் பாருங்கள்.