நோய் வராத மாட்டைச் சினை ஊசியால் உருவாக்க முடியுமா?

கேள்வி: லயத்துக்குப் பின்னால் இரண்டு ஃப்ரீசியன் கலப்பு மாடு வைத்திருக்கிறேன். வருடத்தில் இரண்டு தடவையாவது மடிநோய் வருகிறது. நல்ல மரபணு உள்ள காளையின் ஊசி போட்டால் நோய் வராத கன்று கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா?

நோய் வராத கன்று கிடைக்காது. குறைவாக நோய் வரும் கன்று கிடைக்கலாம், அதுவும் இரண்டு மூன்று தலைமுறை பொறுத்தால். நான் டொக்டர் இல்லை. பொகவந்தலாவைப் பக்கம் பதினெட்டு வருடமாக மாடு வளர்க்கிறவன். உங்கள் கஷ்டம் எனக்கும் பழக்கம்தான்.

எங்கள் வீட்டு லெச்சுமி ஒரு நாளைக்கு 16 லீட்டர் கறக்கும். ராணி 9 லீட்டரைத் தாண்டாது. லெச்சுமியின் பின் இடது காம்பில் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டால் தயிர் மாதிரித் துணுக்கு நிற்கும். ஒரு நாள் மாட்டு டொக்டர் நான்கு குழி உள்ள தட்டோடு வந்தார். ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பீச்சி, ஊதா மருந்து ஊற்றிச் சுழற்றினார். மூன்று குழியில் பால் தண்ணீராய் ஓடியது. நாலாவதில் முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டு, தட்டைச் சரித்தாலும் விழவில்லை. அந்தக் கொழகொழப்பு என்ன என்று கேட்டேன். கிருமியோடு சண்டைக்கு வந்த வெள்ளை அணுக்களை மருந்து உடைத்துவிடுகிறது, உள்ளே இருந்த டிஎன்ஏ, அதாவது மரபணுக்கள் இருக்கும் இழை, வெளியே வந்து திரள்கிறது என்றார். மரபணுவை முதல் முதலாகக் கண்ணால் பார்த்தது அன்றுதான், அதுவும் மாட்டுக் கொட்டிலில்!

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு மாட்டுக்கு மடிநோய் அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு என்றால் அந்த வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு நூற்றுக்கு 5 அல்லது அதற்கும் கீழே. மிச்சமெல்லாம் ஈரத் தரை, கறக்கிற கை, தீனி. பாலில் உள்ள அந்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை எடுத்தால் மரபணுவின் பங்கு 10 முதல் 15 வரை போகும். அதனால்தான் வெளிநாட்டில் அதை வைத்துக் காளை தெரிவு செய்கிறார்கள். ஒரு மில்லிலீட்டரில் 2 லட்சம் அணுவுக்கு மேல் போனால், பார்வைக்கு நல்ல பாலாக இருந்தாலும் மடிக்குள் நோய் இருக்கிறது என்று அர்த்தம். பால் அளவில் மரபணுவின் பங்கு இன்னும் பெரியது, 25 முதல் 30 வரை. வில்லங்கமும் அங்கேதான். பாலை மட்டும் பார்த்துக் காளை தெரிவு செய்தால் மடிநோயும் கூடவே ஏறும்.

இதை நேரத்தோடு பிடித்துக்கொண்டது நோர்வே. 1970களில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு சுகாதார அட்டை போட்டார்கள். அங்கே மருந்து கொடுக்க மிருக வைத்தியர்தான் வர வேண்டும். வந்தவர் அட்டையில் எழுதாமல் போக மாட்டார். 1978 முதல் மடிநோயையும் காளைத் தெரிவில் சேர்த்தார்கள். ஒரு காளைக்கு 200, 300 மகள்களின் அட்டையைப் பார்த்துத்தான் அது நல்லதா கெட்டதா என்று முடிவு. இன்றைக்கு வாலில் நாலு மயிர் பிடுங்கி அனுப்பினால் கன்றின் மரபணுவைப் படித்துச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் படிப்புக்கும் அடியில் ஆயிரக்கணக்கான மாடுகளின் கணக்கு வேண்டும். வழுக்கும் சரிவில், தகரக் கூரைக்குக் கீழே கோத்தமாலா புல் தின்னும் நம் மாடுகளின் கணக்கை யார் எழுதி வைத்தார்கள்?

எல்லா நோய்க்கும் ஒரே பதிலும் இல்லை. கால் வாய் நோய்க்குத் தடுப்பூசிதான், காளையை நம்ப வேண்டாம். அங்கே மரபணு உதவுவது வேறு விதத்தில். வைரஸின் மரபணுவைப் படித்து, அது எந்த வகை, எங்கிருந்து வந்தது, கையில் இருக்கும் தடுப்பூசி அதற்குப் பொருந்துமா என்று பார்ப்பார்கள். உண்ணியோ நேர் எதிர். வவுனியாவில் இருக்கும் மாமா ஒரு தடவை இங்கிருந்து நல்ல ஃப்ரீசியன் கிடேரி ஒன்றை ஆசையாகக் கொண்டுபோனார். நாலு மாதம் தாங்கவில்லை, உண்ணிக் காய்ச்சலில் போய்விட்டது. அதே பட்டியில் வெயிலுக்குப் பழகிய சாஹிவால் இனக் கலப்பு மாடு அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்ததாம். உண்ணியைத் தாங்குகிற குணம் ரத்தத்தில் நன்றாகவே இறங்கும்.

‘பெயர் பெற்ற காளை’ என்று மயங்கவும் வேண்டாம். ஹோல்ஸ்டைன் இனத்தில் ஒரு மரபணுக் கோளாறு இருந்தது. தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அதைக் கொடுத்தால் கன்றின் வெள்ளை அணுக்கள் கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது. சின்னச் சின்னத் தொற்றிலேயே செத்துவிடும். பிரபலமான ஒரு காளையின் வம்சத்து உறைவிந்து வழியாக உலகமெல்லாம் பரவி, 1990களில் டிஎன்ஏ பரிசோதனை வந்த பிறகுதான் அடங்கியது. மரபணுவையே திருத்தி, ஒரு வைரஸ் நோய் எளிதில் தொற்றாத கன்று ஒன்றை அமெரிக்காவில் 2021இல் பிறக்க வைத்தார்கள். நம் லயத்துக்கு அது வரும்போது வரட்டும்.

நான் செய்கிறது இவ்வளவுதான். 80 பக்கக் கொப்பி ஒன்றில் மாட்டுக்கு ஒரு பக்கம்: கன்று போட்ட தேதி, எந்தக் காளை, மடி வீங்கிய நாள், எந்தக் காம்பு. ஊசி போட வரும் தம்பியிடம் காளையின் தாளைக் கேட்பேன். அமெரிக்கக் காளை என்றால் அதில் அணு எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி இருக்கும், 3க்குக் கீழே இருந்தால் நல்லது. முதலில் சிரித்தான், இப்போது அவனே காட்டுகிறான். போன வருடம் லெச்சுமிக்கும் ராணிக்கும் கிடேரிதான். கொப்பியைப் பார்த்து, மடிநோய் குறைவான ராணியின் கிடேரியை வைத்துக்கொண்டு மற்றதை விற்றேன். பதினாறு லீட்டர் மாட்டின் கன்றையா விற்றீர்கள் என்று வீட்டில் இன்னும் பேச்சு விழுகிறது.

உங்கள் விஷயத்துக்கு முதலில் ஒன்று தெரிய வேண்டும். நோய் எப்போதும் ஒரே மாட்டில், ஒரே காம்பில்தான் வருகிறதா? அப்படியானால் காளையை யோசிக்க வேண்டாம். பழைய கிருமி உள்ளேயே தங்கியிருக்கலாம், பாலைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இரண்டு மாட்டுக்கும் மாறி மாறி வந்தால் தரையையும் கறக்கும் முறையையும் பாருங்கள். தாய்க்கும் வந்தது, மகளுக்கும் வருகிறது என்றால் அப்புறம் காளையைப் பற்றிப் பேசலாம்.