விளையாட்டு, உடற்கல்வி படிக்கும் மாணவர்கள் ஆராய்ச்சி முறைகளை எங்கிருந்து கற்கத் தொடங்க வேண்டும்?

தம்பி, எம்.பி.எட். (உடற்கல்வி முதுகலை) முதலாண்டு என்று சொல்லியிருக்கிறீர்கள். ‘கோவில்பட்டி ஹாக்கி வீரர்களின் உடற்தகுதி’ என்று தலைப்பு எழுதிக் கொடுத்ததாகவும், கைடு (ஆய்வு வழிகாட்டி) ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இதே மாதிரி ஒரு தாளைத் திருப்பி வாங்கியவள்தான் நானும். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

உங்கள் தலைப்பில் ஓர் ஊர் இருக்கிறது, ஒரு விளையாட்டு இருக்கிறது. என்ன தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள் என்பது அதில் இல்லை. உடற்தகுதி என்றால் வேகமா, தாங்குதிறனா, வலிமையா, நெகிழ்வா? ஒவ்வொன்றுக்கும் அளக்கும் முறை வேறு. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: டர்ஃபில் (செயற்கைப் புல்தரையில்) தினமும் ஆடுகிற பிள்ளைகளுக்கும் மண் கிரவுண்டில் ஆடுகிற பிள்ளைகளுக்கும் தாங்குதிறனில் வித்தியாசம் இருக்கிறதா? இப்போது யாரைத் தேட வேண்டும், எதை அளக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஆடுகிற தரை சாரா மாறி, அதாவது மாற்றத்தை உண்டாக்கும் என்று நாம் நினைப்பது; தாங்குதிறன் சார்ந்த மாறி, அதாவது அதனால் மாறுகிறதா என்று நாம் அளப்பது. ‘டர்ஃப் பிள்ளைகளுக்குத் தாங்குதிறன் கூடுதலாக இருக்கும்’ என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் அது கருதுகோள். பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம்.

ஆனால் இதிலேயே ஒரு கண்ணி உண்டு. டர்ஃபில் ஆடுகிறவர்கள் ஏற்கெனவே தேர்வாகி வந்த நல்ல ஆட்டக்காரர்களாக இருக்கலாம். அப்போது நீங்கள் கண்டுபிடிக்கும் வித்தியாசம் தரையால் வந்ததா, தேர்வால் வந்ததா? அதனால் வயது, ஆடிய வருடங்கள், வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி என்பதெல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிற பிள்ளைகளாகப் பார்த்து எடுக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் ‘வித்தியாசம் இருக்கிறது’ என்று சொல்லலாமே தவிர, ‘தரைதான் காரணம்’ என்று அடித்துச் சொல்ல முடியாது.

காரணத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் ஆய்வு, ஸ்கிப்பிங் கயிறு பயிற்சியால் தாங்குதிறன் கூடுமா என்பது. கோடை முகாமுக்கு வந்த 24 பிள்ளைகளை எடுத்துக்கொண்டேன். சோதனை 12 நிமிட ஓட்டம். கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் 1968-இல் கொடுத்தது. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறார்கள் என்று அளக்க வேண்டும், அவ்வளவுதான். மே முதல் வாரம், சாயங்காலம் நாலு மணிக்கு ப்ரீ டெஸ்ட், அதாவது பயிற்சிக்கு முந்தைய சோதனை வைத்தேன். கத்திரி வெயில். மைதானத்து மண் சூடு ஷூவைத் தாண்டி ஏறியது. ஏழாவது நிமிடத்திலேயே பாதிப் பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எட்டு வாரம் பயிற்சி கொடுத்தேன். ஜூன் கடைசியில் போஸ்ட் டெஸ்ட், அதாவது பயிற்சிக்குப் பிந்தைய சோதனை. அதற்குள் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்து எங்கள் பக்கமெல்லாம் காற்றும் சாரலும். வெயில் முகமே காட்டவில்லை. அதே பிள்ளைகள் நிற்காமல் ஓடினார்கள். 200 மீட்டர் டிராக்கில் சராசரியாக ஒரு சுற்றுக்கு மேல் கூடியிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வைவாவுக்கு (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு) வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஏம்மா, பிள்ளைகளை ஓட வைத்தது உன் கயிறா, சாரலா?”

என்னிடம் பதில் இல்லை. எட்டு வாரத்தில் பிள்ளைகள் வளர்ந்தும் இருப்பார்கள். இரண்டாம் தடவை ஓடும்போது மூச்சை எப்படிச் சேர்த்து வைத்து ஓடுவது என்று பழகியும் இருப்பார்கள். இதையெல்லாம் பிரித்துப் பார்க்க நான் வழியே வைக்கவில்லை.

அந்த வழிதான் கண்ட்ரோல் குரூப். 24 பேரில் 12 பேருக்குக் கயிறு, மீதி 12 பேருக்கு வழக்கமான விளையாட்டு. சாரல் இரண்டு குழுவுக்கும் ஒன்றுபோலத்தான் அடிக்கும், வளர்ச்சியும் இரண்டு பக்கமும் இருக்கும். அதையும் மீறி கயிறு குழுவில் எவ்வளவு கூடியிருக்கிறதோ, அதைத்தான் பயிற்சியின் கணக்கில் எழுதலாம். யார் எந்தக் குழு என்பதைத் துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் குலுக்கிப் போட்டு எடுங்கள். ‘நான் வாறேன் டீச்சர்’ என்று முதலில் கை தூக்குகிற பிள்ளைகளை எல்லாம் பயிற்சிக் குழுவில் போட்டால், ஆர்வமுள்ளவர்கள் ஒரு பக்கமும் சோர்ந்தவர்கள் மறுபக்கமும் ஆகிவிடும். கயிறு கிடைக்காத 12 பேருக்கும் ஆய்வு முடிந்த பிறகு அதே பயிற்சியைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வெறும் கணக்குக்காக வந்தவர்களாகப் போய்விடக் கூடாது.

அடுத்தது அளவு. நம் மாணவர்கள் இதைத்தான் அவசரமாகக் கடந்து போகிறார்கள். 100 மீட்டர் ஓட்டத்துக்கு முடிவுக் கோட்டில் ஸ்டாப் வாட்சோடு நிற்கிறீர்கள். தொடக்க முனையில் கிளாப்பர் (ஓட்டம் தொடங்கத் தட்டுகிற இரட்டைக் கட்டை) அடிக்கிற சத்தம் உங்கள் காதுக்கு வந்து சேரவே கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும். அதனால் சத்தத்தைக் கேட்டு அழுத்தாதீர்கள். கட்டைகள் சேர்வதைக் கண்ணால் பார்த்து அழுத்துங்கள். அப்போதும் தொடக்கத்தில் கட்டைவிரல் பிந்தும், முடிவில் பிள்ளை ஓடி வருவது தெரிவதால் முந்திக்கொள்ளும். கையால் எடுத்த 100 மீட்டர் நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது தடகளத்தில் வழக்கம். ஆறு வாரப் பயிற்சியில் ஒரு பிள்ளைக்கு 0.2 விநாடிதான் குறைகிறது என்றால், நீங்கள் அளந்தது பிள்ளையின் முன்னேற்றத்தையா, உங்கள் விரலையா? முதல் தடவை நேரம் எடுத்தவரே கடைசி வரை எடுக்க வேண்டும், அதே வாட்சில், அதே நேரத்தில், அதே தரையில். நின்ற இடத்திலிருந்து தாண்டும் தாண்டலுக்குத் துணி டேப் வேண்டாம், இழுபடும். ஸ்டீல் டேப் வாங்குங்கள். பின்னால் விழுந்த குதிகால் தடத்திலிருந்து அளங்கள். ஆய்வு தொடங்கும் முன் பத்துப் பிள்ளைகளை இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து பாருங்கள். எண்கள் ஒட்டி வந்தால் அதுதான் நம்பகத்தன்மை.

ஏற்புடைமை என்பது வேறு. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்ற கேள்வி அது. 20 மீட்டர் பீப் டெஸ்டில் பீப் சத்தத்துக்கு ஏற்ப இரண்டு கோடுகளுக்கு இடையே மாறி மாறி ஓட வேண்டும். மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கி ஒவ்வொரு நிமிடமும் வேகம் மணிக்கு 0.5 கி.மீ. ஏறும், அது தாங்குதிறனைச் சொல்லும். அதை வைத்து ‘ஹாக்கித் திறன்’ என்று எழுதினால் தப்பு.

புள்ளியியலுக்குப் பயப்படாதீர்கள். இரண்டு சராசரிகளை ஒப்பிடுவதற்கு டி டெஸ்ட் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே பிள்ளைகளின் முன் பின் அளவுகளுக்கு இணை டி டெஸ்ட், இரண்டு தனித்தனிக் குழுக்களுக்குச் சாராத டி டெஸ்ட், இப்போதைக்கு இது போதும். ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: அந்தக் கணக்கில் கிடைக்கிற பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் ‘பயிற்சி பெரிய பலன் தந்தது’ என்று அர்த்தமில்லை. வித்தியாசமே இல்லாத இடத்தில் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவது அபூர்வம் என்றுதான் அர்த்தம். எத்தனை மீட்டர் கூடியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். முடிவைவிட அவர்கள் எப்படி அளந்தார்கள் என்பதைப் பாருங்கள்.

எல்லா ஆய்வுக்கும் வாட்சும் டேப்பும் வேண்டும் என்றில்லை. பொழுதுபோக்குப் பக்கம் விருப்பம் இருந்தால், பாளை (பாளையங்கோட்டை) வ.உ.சி. மைதானத்துக்குக் காலையில் வருபவர்களை எண்ணியே ஒரு நல்ல ஆய்வு செய்யலாம். இடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, குறித்த நேரங்களில் இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டி, உட்கார்ந்தோ நின்றோ இருப்பவர் எத்தனை, நடப்பவர் எத்தனை, வேகமாக ஓடியாடுபவர் எத்தனை என்று குறிக்க வேண்டும். இதற்கு சோபார்க் என்று பெயர். ஞாயிறு காலை மட்டும் போய் எண்ணிவிட்டு ‘பாளை மக்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். வேலை நாளும் வேண்டும், மாலையும் வேண்டும்.

‘ஏன்’ என்று கேட்க நினைத்தால் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். பத்தாம் வகுப்போடு கபடியை விட்ட ஒரு பிள்ளையிடம் கேட்டேன். “வீட்ல விடமாட்டேங்காவ டீச்சர்” என்றாள். படிவத்தில் ‘பெற்றோர் எதிர்ப்பு’ என்று டிக் அடித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். மூன்றாம் தடவை பேசும்போதுதான் தெரிந்தது, பயிற்சி முடிந்து கிளம்பினால் அவள் ஊருக்குப் போகிற பஸ் கிடையாது. அவள் அப்பா பயிற்சிக்கு எதிரி இல்லை, இருட்டுக்குத்தான் பயந்தார்.

கடைசியாகச் சம்மதப் படிவம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். தமிழில் அடியுங்கள், கொடுத்தனுப்பாமல் நேரில் போங்கள். ஒரு வீட்டில் நான் வாசிக்க வாசிக்க, பீடி சுற்றிக்கொண்டிருந்த அந்த அம்மா தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “ஓடும்போது மயக்கம் போட்டு விழுந்தா யாரு டீச்சர் பாக்கது?” என் படிவத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து படிவத்தைத் திருத்தி எழுதினேன். முதலுதவிக்கு ஓர் ஆள், நிழல், தண்ணீர், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வண்டி என்று ஏற்பாடு செய்துவிட்டு, மறுநாள் திரும்பவும் அதே வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கினேன்.