விலாவில் வந்தது சூட்டுக் கொப்புளம் இல்லை

கேள்வி: வயது 57. ஆறு வருடமாக முடக்குவாதம். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிட்டு வந்தேன். நாலு மாதம் முன்பு டோஃபாசிட்டினிப் சேர்த்தார்கள். இதெல்லாம் எதிர்ப்புச் சக்தியையே கொன்றுவிடும், எந்த வைரஸ் வந்தாலும் உடம்பு தாங்காது என்று மகள் ஃபோனில் பார்த்துச் சொன்னாள். பேரன் பள்ளியில் இப்போது அம்மை வேறு. பயந்துபோய் மூன்று வாரமாக எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். வலிக்கு மருந்துக்கடையில் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று, நன்றாகக் கேட்கிறது. எதிர்ப்புச் சக்திக்குச் சீந்தில் பொடி சாப்பிடுகிறேன். முடி கொட்டுகிறது. தயிர் சேர்க்கலாமா? போன மாதம் வலது விலாவில் எரிச்சலோடு கொப்புளம் வந்தது, சூட்டுக் கொப்புளம் என்று காவி பூசினேன், ஆறிவிட்டது. இன்னும் சுரீர் சுரீர் என்கிறது. பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பேரனைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் கொண்டுவரும் சளியும் காய்ச்சலும் உங்களுக்கும் ஒட்டலாம், மற்றவர்களைவிட இரண்டு நாள் கூடுதலாகப் படுத்தலாம். அதற்காகக் குழந்தையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. கையைக் கழுவுங்கள், அவனுக்கு மூக்கு ஒழுகும் நாட்களில் முத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். தயிர் சாப்பிடலாம். முடி கொட்டுவதற்கு மெத்தோட்ரெக்சேட் ஒரு காரணமாக இருக்கலாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பலருக்குக் குறைகிறது.

நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய விலாக் கொப்புளத்துக்கு வருவோம். ஒரு பக்கம் மட்டும், எரிச்சலோடு வந்த கொப்புளம். ஆறிய பிறகும் சுரீர் என்கிறது. இது அக்கி என்பதில் எனக்கு அநேகமாகச் சந்தேகமே இல்லை. உடல் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. சின்ன வயதில் சின்னம்மை போட்ட வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு வேர்களில் வருடக்கணக்காகப் பதுங்கிக் கிடக்கும். எதிர்ப்புச் சக்தி தளரும்போது அந்த ஒரு நரம்பின் வழியாகவே தோலுக்கு இறங்கி வரும். அதனால்தான் நடுக்கோட்டைத் தாண்டாமல் ஒரு பக்கமாகவே நிற்கிறது.

உங்கள் மருந்துகளில் இதோடு நேரடியாகத் தொடர்புள்ளது டோஃபாசிட்டினிப். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. மற்ற முடக்குவாத மருந்துகளோடு ஒப்பிட்டால் இதில் அக்கி வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஜப்பான், கொரியா நோயாளிகளிடம் இன்னும் அதிகமாகவே பார்த்திருக்கிறார்கள். அதற்காக இது கெட்ட மருந்து ஆகிவிடாது. மற்றவை கைவிட்ட எத்தனையோ பேரின் விரல்களை மடக்கி நீட்ட வைத்த மருந்து. இதைச் சாப்பிடுகிறவருக்கு அக்கியின் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று தெரிகிறது.

கவனமாகக் கேளுங்கள். கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே, உடம்பின் ஒரு பக்கத்தில், ஒரே இடத்தில் எரிச்சலோ குத்தலோ ஆரம்பிக்கும். சேலை உரசினாலே தாங்காது. நெஞ்சில் வந்தால் மாரடைப்போ என்று ஈசிஜி எடுக்கிறார்கள், முதுகில் வந்தால் பிடிப்பு என்று தைலம் தேய்க்கிறார்கள். பிறகு சிவந்த தோலில் கொத்துக்கொத்தாக நீர்க் கொப்புளம் கிளம்பும். அது கிளம்பியதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் அல்லது வாலாசைக்ளோவிர் மாத்திரை தொடங்கிவிட வேண்டும். தொடங்கினால் கொப்புளம் சீக்கிரம் காயும், பரவாது. நேரம் தாண்டிவிட்டால்கூட உங்களைப் போன்றவர்களுக்கு மருந்து கொடுப்போம், ஆகவே 'இனி என்ன' என்று உட்கார்ந்துவிடக் கூடாது. நெற்றியிலோ, மூக்கின் நுனியிலோ, கண்ணைச் சுற்றியோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். பார்வையே போகக்கூடிய விஷயம். காதில் வந்து வாய் கோணினாலும், கொப்புளம் உடம்பெங்கும் பரவினாலும், கூடவே காய்ச்சல் அடித்தாலும் நேராக மருத்துவமனைக்குத்தான்.

காவி பூசி அக்கி எழுதுவது நம் ஊரில் பழைய வழக்கம். எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொப்புளம் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். அந்தப் பெருமை காவிக்குப் போகிறது, நரம்பில் தங்கும் வலி நோயாளிக்கு. அந்த முதல் மூன்று நாள் பூச்சிலேயே போய்விடுவதுதான் என் கோபம். இப்போது உங்களுக்கு இருக்கும் சுரீர் வலிக்கும் மருந்து உண்டு. ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைச் சிறிய அளவில் கொடுத்துப் பார்ப்போம். தைலம் வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. பள்ளியில் அம்மை என்று பயப்படுகிறீர்கள். சின்னம்மை வைரஸ் ஏற்கெனவே உடம்பில் புகாதவருக்கு அக்கி வர வழியில்லை. ஆக, உங்களுக்கு அது ஒரு முறை வந்துவிட்டது. மறுபடி தொற்றுவது அபூர்வம். போன மாதம் கொப்புளத்தில் நீர் இருந்தபோது, சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத பேரனுக்கு நீங்கள்தான் அம்மையைக் கொடுத்திருக்க முடியும்! அவனுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். அரசின் இலவசப் பட்டியலில் அது இல்லை, தனியாரிடம்தான் போட வேண்டும்.

சரி, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. அட்டையில் என்ன பெயர் என்று படித்தீர்களா? மூட்டு வலி ஒரே நாளில் பறந்துபோகும் சின்ன வெள்ளை மாத்திரை என்றால் பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் அல்லது ப்ரெட்னிசோலோன். இரண்டும் ஸ்டீராய்டு. எதிர்ப்புச் சக்தி குறையுமே என்று பயந்து வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிட்டு, அதைவிட அதிகமாகக் குறைக்கக்கூடிய ஒன்றைத் தினமும் இரண்டு வேளை விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். தொற்று அபாயத்தில் ஸ்டீராய்டின் அளவும் நாட்களும்தான் பெரிய கணக்கு. ப்ரெட்னிசோலோன் நாளுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டி வாரக்கணக்கில் ஓடினால் எங்களுக்கே கை நடுங்கும். இதைக் கடையில் கேட்டு வாங்கினீர்கள், சீட்டு கேட்காமல் கொடுத்தார்கள். ஆனால் இப்போது படக்கென்று நிறுத்தாதீர்கள். மூன்று வாரம் ஓடிய ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். அட்டையோடு மருத்துவரிடம் போங்கள்.

சீந்தில் பொடியை இன்றே நிறுத்தலாம். முடக்குவாதமே எதிர்ப்புச் சக்தி எல்லை மீறி மூட்டைத் தாக்குகிற நோய். அதைத் தணிக்க ஒரு மருந்து, தூண்ட ஒரு பொடி என்றால் அடுப்பைத் தணித்துவிட்டு விறகைத் திணிப்பது போல. போதாததற்கு, சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்திருக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர் கல்லீரலோடு விளையாடக் கூடாது.

மகளின் ஃபோனுக்கு ஒரு வார்த்தை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் தொற்றைக் கூட்டுவதில்லை. மெத்தோட்ரெக்சேட் வார அளவில் கொஞ்சம் கூட்டும், அதுவும் ரத்தப் பரிசோதனை ஒழுங்காகப் பார்த்தால் சமாளிக்கக்கூடியதே. கோவிட் முற்றியவர்களுக்கு உயிர் காக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த மருந்துகளில் டோசிலிசுமாப், பாரிசிட்டினிப் இரண்டுமே முடக்குவாத மருந்துகள். பாரிசிட்டினிப், உங்கள் டோஃபாசிட்டினிப்பின் பங்காளி. இதையும் அவர் ஃபோனில் தேடிப் பார்க்கட்டும்.

இனி மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. டோஃபாசிட்டினிப்பைத் தொடர்வதா, மாற்றுவதா என்பதை அவர் விலாவைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்; அதுவரை அது நிறுத்தியபடியே இருக்கட்டும். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த வைரஸும் கல்லீரலில் சத்தமில்லாமல் இருந்து, இம்மாதிரி மருந்துகளில் கிளம்பக்கூடியது. அக்கிக்கு உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு ஊசி. விலை கையைக் கடிக்கும், ஆனால் மறுபடி அக்கி வராமலிருக்க உங்களுக்கு அது தேவை. ஃப்ளூ ஊசி வருடம் ஒரு முறை.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் அந்த வார மெத்தோட்ரெக்சேட்டைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். டெங்குவாக இருந்தால் தட்டணுக்கள் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும். பாராசிட்டமால் மட்டும், டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். சிறுநீர்க் கடுப்பு என்று கடையில் கோ-ட்ரைமாக்சசோல் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும்.

ரத்தப் பரிசோதனை பார்த்து மெத்தோட்ரெக்சேட்டை அவர் மறுபடி தொடங்கச் சொல்லும்போது, பழைய அளவு, பழைய கிழமை. விட்டுப்போன மூன்று வாரத்துக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.