அப்பாவின் சிகிச்சைக்காக வீட்டை விற்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். அப்பாவுக்கு வயது 71. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் குலை அறுத்து எங்களை வளர்த்தவர். அவருக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம். இனிக் குணமாக்க முடியாது, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு தனியார் மருத்துவமனையோ 65,000 வெள்ளி (ரிங்கிட்) இருந்தால் சிகிச்சை தொடங்கலாம் என்கிறது. தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) கடன் முடிந்த மலிவு விலை வீடு அப்பா பெயரில் இருக்கிறது. அதை விற்றுவிடலாம், இல்லையென்றால் 8 விழுக்காட்டு வட்டியில் 7 வருடக் கடனாக 60,000 எடுக்கிறேன் என்கிறார் அண்ணன். எனக்கு 38 வயது, தொழிற்சாலையில் 2,600 வெள்ளி சம்பளம். என் ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்), மருத்துவம் போன்ற தேவைகளுக்கு எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்கில் 19,000 இருக்கிறது. என் மெடிக்கல் கார்டை, அதாவது மருத்துவக் காப்புறுதியை, நிறுத்தினால் மாதம் 210 வெள்ளி மிஞ்சும். அம்மாவுக்கு வயது 66. பணத்தை யோசிப்பதே பாவமோ என்று மனசு உறுத்துகிறது.

பதில்: அன்புச் சகோதரி, வீட்டில் கை வைக்காதீர்கள். அப்பாவுக்குப் பிறகும் அம்மா வாழ வேண்டும். அவருக்கு இருக்கும் ஒரே சொத்து அந்தக் கூரைதான். பணத்தை யோசிப்பதில் பாவம் எதுவும் இல்லை. யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு மாதாமாதம் வருந்துகிற குடும்பங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அந்த 65,000 வெள்ளிக்கு என்ன கிடைக்கும் என்று தனியார் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். எத்தனை மாதம் கூடும்? அதில் எத்தனை நாள் அப்பா வீட்டில் இருப்பார், எத்தனை நாள் வார்டில் கிடப்பார்? தொகை அவ்வளவுதானா, அல்லது தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் தனிக் கணக்கா? ஈப்போ மருத்துவரிடமும் ஒன்று கேட்க வேண்டும். சில வகை நுரையீரல் புற்றுநோய்க்கு, மரபணு மாற்றத்தைச் சோதித்துப் பார்த்து, நான்காம் கட்டத்திலும் மாத்திரையாலேயே நல்ல பலன் கிடைப்பதுண்டு. அந்தச் சோதனை செய்தாகிவிட்டதா, அப்பாவின் நோய் அந்த வகையா என்று கேளுங்கள். அந்த வகை என்றால் கணக்கே வேறு. இல்லை என்றால், குணமாக்க முடியாது என்று அரசாங்க மருத்துவர் சொன்னதை உங்களைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

அப்பாவிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதம் முழுக்க அண்ணன் பேசுகிறார், மருத்துவமனை பேசுகிறது, அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. நம் வீடுகளில் வியாதியின் பெயரைக்கூட நோயாளியிடம் மறைத்துவிடுகிறோம். அவர் உழைத்துக் கட்டிய வீட்டை விற்பதா, கடைசி மாதங்களை ஊசியோடு கழிப்பதா என்று சொல்ல வேண்டியவர் அவர். அதைக் கேட்காமல் எந்த நிதி ஆலோசகராலும் உங்களுக்குச் சரியான கணக்குப் போட்டுத் தர முடியாது.

அண்ணனின் கடனைப் பார்ப்போம். அசல் குறையக் குறைய வட்டி குறையாத கடன் என்றால், 60,000 வெள்ளிக்கு 7 வருட வட்டி 33,600. மாதத் தவணை ஏறக்குறைய 1,114 வெள்ளி. அப்பா போன பிறகும் பல வருடம் அண்ணனின் சம்பளத்திலிருந்து அது போய்க்கொண்டே இருக்கும். தவணை தட்டினால் வட்டி முதலைகளிடம் போய் நிற்கும் நிலை வரும்.

வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு வேறு மாதிரியானது. அரசாங்க மருத்துவமனையில் மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளிதான். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்தும் அங்கேயே கிடைக்கும். கையைக் கடிப்பவை படுக்கை, காற்று மெத்தை, ஆக்சிஜன் இயந்திரம், பெம்பர்ஸ், பால்மாவு, ஈப்போவுக்குப் போய்வரும் கார் செலவு. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருப்பவரின் சம்பளம். பெற்றோரைக் கவனிப்பதற்கென்று தனி விடுமுறை நம் வேலைச் சட்டத்தில் கிடையாது. நீங்கள் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் 7,800 வெள்ளி போகும். அந்தப் பணத்தைத்தான் இப்போதே ஒதுக்கி வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்திலேயே டிரசர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பத்து வீட்டுச் சனம் மாறி மாறி வந்து உட்கார்ந்தது. இப்போது பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். 2030-இல் மலேசியர்களில் 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. குணமாக்க முடியாத நோயாளியின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்தணிப்புப் பராமரிப்புக்காக 2019 முதல் 2030 வரையிலான தேசியக் கொள்கை ஒன்றும் இருக்கிறது. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து முதுகைத் திருப்பிப் படுக்க வைப்பது இன்னும் பல வருடத்துக்கு வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழப்போகிறது. அதனால்தான் அந்த உழைப்புக்கும் விலை போடச் சொல்கிறேன்.

ஈப்போ மருத்துவமனையிலேயே நோய்தணிப்புப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் தொண்டு அமைப்பு ஈப்போவில் இருக்கிறது, பேராக் பேலியேட்டிவ் கேர் சொசைட்டி. உங்கள் தாமானுக்கு வருவார்களா, படுக்கையோ இயந்திரமோ இரவல் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

பணத்துக்கு முதலில் உங்கள் செஜாத்ரா கணக்கு. பெற்றோரின் கடும் நோய்ச் செலவுக்கும் மருத்துவச் சாதனங்களுக்கும் அதிலிருந்து எடுக்கலாம். மருத்துவரின் உறுதிப்பாட்டுக் கடிதமும் ரசீதுகளும் வேண்டும். 19,000-ஐயும் வழித்து எடுக்காதீர்கள், தேவைக்குத் தக்கபடி எடுங்கள். எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி பெறும் குடும்பம் என்றால், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் மருத்துவச் சாதனங்களுக்கு 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. அப்பா படுத்த படுக்கையாகிவிட்டால், கவனித்துக்கொள்பவருக்கு சமூகநலத்துறை மாதாந்திர உதவித்தொகை தருகிறது, குடும்ப வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். பெற்றோர் மருத்துவச் செலவுக்கான 8,000 வெள்ளி வரிக்கழிவு உங்களுக்குப் பயன்படாது, உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது. அண்ணன் வரி கட்டுபவர் என்றால் ரசீதுகள் அவர் பெயரில் இருக்கட்டும்.

மெடிக்கல் கார்டை நிறுத்தாதீர்கள். 38 வயதில் விட்டுவிட்டு 45-இல் திரும்பப் போனால், இடையில் வந்த நோயை ஏற்க மாட்டார்கள். செலவில் ஒரு பங்கை நீங்களே ஏற்கும் திட்டத்துக்கு மாற்றிக் கேளுங்கள், பிரிமியம் குறையும்.

அப்பா தெளிவாகப் பேசும் இந்த நாட்களில் முடிக்க வேண்டிய தாள் வேலை ஒன்று இருக்கிறது. அவர் உயில் எழுதட்டும். சாட்சி இருவர் வேண்டும். வீடு அம்மாவுக்கு என்றால் அம்மாவோ நீங்களோ அண்ணனோ உங்கள் துணைகளோ சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது, ஏனென்றால் பயன் பெறுபவரோ அவர் துணையோ சாட்சியானால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது. உயில் இல்லையென்றால் வீட்டில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்குதான், மீதி பிள்ளைகளுக்கு. அண்ணனுக்கு நாளைக்குப் பணமுடை வந்தால் அம்மா நிற்க இடமிருக்காது. அப்பா சுயநினைவு இழந்துவிட்டால் அவர் தந்த அதிகாரப் பத்திரமும் நம் நாட்டில் செல்லாது, அதை நம்பி இருக்காதீர்கள். அப்பா பெயரில் மட்டும் இருக்கும் வங்கிக் கணக்கில் அம்மாவையும் சேருங்கள். இபிஎஃப்பில் மிச்சம் இருந்தாலும், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு இருந்தாலும், வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தோட்டத்து ஆட்கள் பலர் கல்யாணத்துக்கு முன்பு தங்கள் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள்.

அண்ணனிடம் இந்த எண்களை எல்லாம் காட்டுங்கள், அம்மாவும் கூட உட்காரட்டும். சமூகநலத்துறைக்குப் போகும் அன்று அம்மாவின் அடையாள அட்டையையும் கொண்டு போங்கள். 60 வயதைத் தாண்டிய, வருமானம் இல்லாதவர்களுக்கான முதியோர் உதவி 2025 முதல் மாதம் 600 வெள்ளி. அதற்கும் அன்றைக்கே விண்ணப்பம் கேட்டு வாங்கிவிடுங்கள்.