செயினை அடகு வைக்க வேண்டாம், அக்கா

அக்கா, நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். மகள் பிசிஏ கடைசி வருடம், கோடிங்கில் சுமார்தான், ஆனால் எதையும் தெளிவாக எழுதுவாள், ஏஐ வந்த பிறகு இவளுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். ஏஐ ஏஜென்ட் சான்றிதழுக்கு ஒரு பயிற்சி மையம் 40,000 ரூபாய் கேட்கிறது, செயினை அடகு வைத்துக் கட்டட்டுமா என்றும் கேட்டீர்கள்.

வேண்டாம். அவளிடம் ஏற்கெனவே இருக்கிற அந்தத் தெளிவான எழுத்துக்கே இன்று சாஃப்ட்வேர் வேலையில் தேவை இருக்கிறது.

ஏஜென்ட் என்றால், பேசுவதோடு நிற்காமல் வேலையும் செய்து தருகிற ஏஐ. டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்க, மெயில் அனுப்ப, கணக்கு எடுக்க என்று அதற்கு நாம் டூல்களைக் கொடுக்கிறோம். ஆனால் டூலுக்குள் எழுதியிருக்கிற கோடிங் பொதுவாக அதன் கண்ணில் படாது. டூலின் பெயர், அது எதற்கு என்று எழுதிய நாலு வரி, என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல், இதைப் படித்துத்தான் எதை எப்போது எடுப்பது என்று அது முடிவு செய்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம், ஏஜென்டையும் டூலையும் இணைக்கிற எம்சிபி என்ற பொது முறையை வெளியிட்ட பிறகு, ஒருவர் செய்த டூலை முன்பின் தெரியாத இன்னொருவரின் ஏஜென்ட் எடுத்துப் பயன்படுத்துவது சாதாரணமாகிவிட்டது. அப்போது அந்த நாலு வரி சரியில்லையென்றால் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கவும் ஆள் இல்லை.

உங்கள் வீட்டு விஷயத்தையே எடுப்போம். மகள் ரப்பர் விலை சொல்கிற டூல் ஒன்று செய்து, "ரப்பர் விலையைத் தரும்" என்று மட்டும் எழுதி வைக்கிறாள். மீதியெல்லாம் அவள் மனதில் இருக்கிறது, அதனால் அவளுக்கு அது போதும். அவள் அப்பா வந்து ஒட்டுபால் (சிரட்டையிலும் மரத்திலும் ஒட்டிக் காய்ந்த ரப்பர்) என்ன விலை என்று கேட்டால், ஏஜென்ட் ஷீட் (தகடாக அடித்து உலர்த்திய ரப்பர்) விலையை எடுத்து ஒட்டுபால் விலையாகச் சொல்லிவிடும். இதைவிடப் பெரிய தப்பும் நடக்கும். ரப்பர் போர்டு விலை போடுவது 100 கிலோவுக்கு, நம் கடைகளில் பேசுவது கிலோவுக்கு. 18,000 என்று ஒரு எண் வந்தால் அது எத்தனை கிலோவுக்கு என்று எழுதாத வரைக்கும் ஏஜென்ட் அதைக் கிலோ விலையாகவே நினைத்து அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கலாம்.

மகளே, இனி உனக்குச் சொல்கிறேன். அதையே இப்படி எழுதிப் பார் (ஆர்எஸ்எஸ் 4, 5 என்பவை ரப்பர் ஷீட்டின் தரங்கள்): "ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5 ஷீட்டுக்கு ரப்பர் போர்டு வெளியிட்ட கோட்டயம் விலையைத் தரும். விலை ரூபாயில், 100 கிலோவுக்கு. ஒட்டுபாலுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. உள்ளூர்க் கடை விலை இதில் வராது. தேதி கொடுக்காவிட்டால் கடைசியாக வெளியான விலை வரும்." எதற்கு ஆகாது என்று சொல்கிற அந்த வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தேதி கேட்கும் இடத்தில் ஆண்டு-மாதம்-நாள் என்று வரிசையைச் சொல்லிவிடு, இல்லையென்றால் 05-06 மே மாதமா ஜூனா என்று தெரியாது. விலை கிடைக்காத நாளில் வெறுமனே "பிழை" என்று திருப்பி அனுப்பாதே, "இந்தத் தேதிக்கு விலை இல்லை, முந்தைய வேலை நாளைக் கேட்கவும்" என்று அனுப்பினால் ஏஜென்ட் தானே அடுத்து அதைச் செய்துகொள்ளும். அதற்காகக் கதை மாதிரி நீட்டவும் வேண்டாம், ஏஜென்டுக்குக் கொடுத்து வைத்திருக்கிற ஒவ்வொரு டூலின் விளக்கமும் பொதுவாக ஒவ்வொரு முறையும் கூடவே போகிறது, அதற்கும் காசு.

சரி, வேலைக்கு வருவோம். டூல் விளக்கம் எழுதுபவர் என்று தனியாக ஒரு பதவியை நம்பிக் காத்திருக்காதே. டெவலப்பர், டெஸ்டிங், டெக்னிக்கல் ரைட்டிங் வேலைகளுக்குள்ளேயே இது வருகிறது. அதனால் பைத்தான் என்ற கோடிங் மொழியும், விவரங்களை எழுதுகிற ஜேசன் வடிவமும் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆங்கிலத்திலும் இதே தெளிவு வர வேண்டும், நம் பிள்ளைகள் திருவனந்தபுரம் டெக்னோபார்க் இன்டர்வியூவில் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். பெரிய நிறுவனங்கள் தங்கள் வழிகாட்டிகளை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. மூன்று டூல் செய்து, முதலில் எழுதிய விளக்கம், அதனால் ஏஜென்ட் எங்கே தவறியது, பிறகு எப்படித் திருத்தினாய் என்று வரிசையாக எழுதி வை. இன்டர்வியூவில் அந்தச் சான்றிதழைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

உன் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து காப்பி குடிக்கும்போது பக்கத்தில் நோட்டோடு உட்கார். அவர் விலை பற்றிக் கேட்கிற கேள்விகளில் 20 எழுதிக்கொள், நீ திருத்தாமல், அவர் சொன்ன மாதிரியே. "பாலுக்கு இப்ப என்ன வெல?" என்று அவர் கேட்டால் நம் ஊரில் அது ரப்பர் பால், ஏஜென்ட் பசும்பால் விலையைத் தேடிப் போகும். அதையும் விளக்கத்தில் எங்கே சொல்வது என்று யோசி.

அக்கா, சனிக்கிழமை காலை வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போன் பண்ணுங்கள். அந்த நோட்டை மட்டும் அவள் மறக்காமல் எடுத்து வரட்டும்.