கம்பி வந்தாச்சு, வேகம் எங்கே? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (ஆத்தூர் வாசகர்): சேலம்–விருத்தாசலம் பாதையில் கரண்ட் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் பயண நேரம் பெரிதாகக் குறையவில்லை. பிறகு எதற்கு இவ்வளவு செலவு?

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் குறை இன்ஜினில் இல்லை, பாதையில் இருக்கிறது. மீட்டர் கேஜாக இருந்து 2007 வாக்கில் அகலப்பாதையாக மாறினாலும் அது இன்னமும் ஒற்றை லைன்தான், எதிரே ஒரு வண்டி வந்தால் இரண்டில் ஒன்று ஏதாவது ஸ்டேஷனில் ஒதுங்கியாக வேண்டும், கிராசிங் முடிந்து சிக்னல் விழும்வரை எவ்வளவு பெரிய இன்ஜினாக இருந்தாலும் நிற்கத்தான் செய்யும்.

செலவு வீணா என்றால், இல்லை. டீசல் இன்ஜினிலும் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார்தான். உள்ளேயே டீசலை எரித்து, ஜெனரேட்டரை ஓட்டி, அந்த மின்சாரத்தை மோட்டாருக்குக் கொடுக்கிறார்கள். ஆக, ஒரு மின் நிலையத்தையும் எண்ணெய் டேங்கையும் முதுகில் சுமந்துகொண்டே அது ஓட வேண்டும். நம் பக்கம் நிறைய ஓடிய டபிள்யூடிஎம்-3ஏ டீசல் ரகத்துக்கு 3,100 குதிரைத்திறன். இன்றைய வாப்-7 மின்சார இன்ஜினுக்கோ 6,000-க்கு மேல். நின்று நின்று போகும் வண்டிக்கு, ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் சட்டென்று வேகம் எடுக்க இந்த வித்தியாசம் உதவும். இன்னொரு லாபமும் உண்டு. முன்பு விருத்தாசலத்துக்கு அப்பால் மேலே மின்கம்பி இருந்தும் இந்தப் பக்கம் இல்லாததால், சென்னை வண்டி என்றால் ஒன்று டீசலே முழுத் தூரமும் இழுக்க வேண்டும், இல்லையென்றால் நடுவழியில் இன்ஜின் மாற்ற வேண்டும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

பழைய பாதையில் கம்பி கட்டுவது சும்மா கம்பம் நட்டு முடிக்கிற வேலையும் இல்லை. மேலே ஓடுவது 25,000 வோல்ட். அதன் தூண்டலால், அதாவது தொடாமலேயே, பக்கத்தில் இருக்கும் சிக்னல், தொலைபேசிக் கம்பிகளில் வேண்டாத மின்னழுத்தம் ஏறும், அதனால் பழைய கேபிள்களை மாற்ற வேண்டும். உயரம் பற்றாத மேம்பாலங்களை உயர்த்த வேண்டும் அல்லது அவற்றின் கீழே தண்டவாளத்தைத் தாழ்த்த வேண்டும். இதையெல்லாம் செய்து முடித்த பிறகு இரண்டாவது லைனைக் கிடப்பில் போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2013-ல் திறந்த நாமக்கல்–கரூர் பாதையும், தருமபுரி வழியாக ஓசூர் போகும் பாதையும்கூட ஒற்றை லைன்தான். சேலத்து மக்கள் அடுத்துக் கேட்க வேண்டியது இரட்டைப் பாதை, அதை உரக்கவே கேட்க வேண்டும்.

கேள்வி (மேட்டூர் வாசகி): எங்கள் ஊர் அனல் மின் நிலையத்துக்கு ரயிலில்தான் நிலக்கரி வருகிறது. அதை எரித்து வரும் மின்சாரத்தில் ரயில் ஓட்டினால் புகை இடம் மாறுகிறது, அவ்வளவுதானே?

பதில்: பாதி உண்மை. மேட்டூரில் 840 மெகாவாட், அப்புறம் 600 மெகாவாட் என இரண்டு நிலையங்கள் இருக்கின்றன, அவற்றின் புகையும் சாம்பலும் சுற்றியுள்ளவர்களுக்குத்தான், அதை மறைத்துப் பேசுவது தவறு. ஆனால் டீசல் இன்ஜின் ஆயுள் முழுக்க டீசலில்தான் ஓடும். கம்பியில் வரும் மின்சாரமோ இன்று நிலக்கரியிலிருந்து வந்தாலும் நாளை காற்றாலையிலிருந்தோ சூரிய ஒளியிலிருந்தோ வரலாம், இன்ஜினைத் தொடவே வேண்டாம். மூன்று பேஸ் (மூன்று கட்ட) மோட்டார் வைத்த புதிய மின்சார இன்ஜின்கள் பிரேக் போடும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். லோக்கூர் பக்கம் சேர்வராயன் மலையடிவாரச் சரிவில் பாரம் ஏற்றிய சரக்கு வண்டி இறங்கும்போது, டீசலாக இருந்தால் வெப்பமாக வீணாகிப் போவதில் ஒரு பகுதி இப்படித் திரும்பக் கிடைக்கிறது.

கேள்வி (ஏற்காடு வாசகர்): ஊட்டி மலை ரயிலுக்கும் கம்பி போடுவார்களா?

பதில்: வேண்டாம் என்பதே என் ஆசை. நம் சேலம் ரயில்வே கோட்டத்தில் இருக்கும் அந்தப் பாதை 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. 16 சுரங்கங்கள், கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கர ஏற்றம், அதில் நீராவி இன்ஜின். குன்னூருக்கு மேல் டீசல். மின்சாரத்தால் மிச்சமாகும் எண்ணெய் கொஞ்சம்தான், இழப்பதோ பெரிது.

கேள்வி (கருப்பூர் வாசகர்): நின்றிருக்கும் சரக்குப் பெட்டிகள் மேல் பையன்கள் ஏறி படம் எடுக்கிறார்கள். கம்பியைத் தொடாவிட்டால் ஆபத்தில்லைதானே?

பதில்: ஆபத்துதான், ஐயா, உயிர் போகிற ஆபத்து. 25,000 வோல்ட் கம்பியைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் போனாலே காற்றைத் தாண்டிப் பாயும். மின்சாரம் பாயும் கம்பியிலிருந்து 2 மீட்டருக்குள் யாரும் போகக்கூடாது என்பது ரயில்வே விதி. பெட்டி மேல் ஒருவர் எழுந்து நின்றாலே அந்த எல்லையைத் தொட்டுவிடுவார். வண்டி நிற்கிறது என்பதால் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நினைக்கவே கூடாது. ஒருவனுக்கு அடித்துவிட்டால் மற்றவர்கள் ஏறிப் பிடித்து இழுக்கவும் கூடாது, ரயில்வே ஆட்கள் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை எர்த் செய்த பிறகே நெருங்க வேண்டும். ஏறுகிறவர்களைப் பார்த்தால் உடனே கீழே இறங்கச் சொல்லுங்கள், ஸ்டேஷன் மாஸ்டரிடமோ 139 எண்ணிலோ தகவல் கொடுங்கள்.